அட்வான்ஸ் பாக்கி: கொங்குப் பகுதியில் கொத்தடிமை நிலையைக் கண்டறிந்து மீட்க ஒரு வழிகாட்டி

ஊராட்சி வார்டு உறுப்பினர், மகளிர் குழுத் தலைவி, பள்ளி ஆசிரியர், சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர் என்று யாராவது ஒருவர் காதுக்குத்தான் சேதி முதலில் வரும். "அந்தச் சூளையில ஒரு குடும்பம் இருக்குதுங்க, ஊருக்கு உடவே மாட்டேங்கறாங்க." அதைக் கேட்டவுடன் ஆளைத் திரட்டிக்கொண்டு நேராகப் போய் நிற்கத் தோன்றும். போகாதீர்கள். காலையில் நீங்கள் போனால் ராத்திரியே அந்தக் குடும்பத்தை வேறு மாவட்டத்துக்கு வண்டியேற்றி விடுவார்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும், அடுத்தடுத்துச் செய்ய வேண்டியதும் கீழே.

எது கொத்தடிமை

பூட்டு, சங்கிலி, சவுக்கு இவற்றைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. கதவு திறந்துதான் கிடக்கும். சட்டம் பார்ப்பது கணக்கை.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் வேலை செய்கிறார், அதோடு கீழே சொல்லும் நான்கில் ஒன்று பறிபோயிருக்கிறது என்றாலே அவர் கொத்தடிமை. அந்த நான்கு: அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, வேறு இடத்தில் வேலைக்குச் சேரும் உரிமை, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கும் சேர்ந்து வேண்டியதில்லை. இதில் சறுக்குகிற அதிகாரிகள் நிறையப் பேர். "அவங்க வெளிய போய் டீ குடிச்சுட்டுத்தானே வர்றாங்க" என்று கோப்பை மூடி விடுவார்கள். டீக்கடைக்குப் போக முடிவதும், பாக்கியை வைத்துவிட்டு வேறு பட்டறைக்குப் போக முடிவதும் ஒன்றா?

குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலையே அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொத்தடிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி முதலாளியுடையது, தொழிலாளியுடையது இல்லை. இந்த இரண்டையும் மனுவில் எழுதுங்கள். விசாரணைக்கு வரும் அதிகாரி மறந்திருக்கலாம்.

மனிதக் கடத்தல் இன்னும் அகலமான குற்றம். அதற்கு மூன்று கால்கள்: ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது அல்லது வைத்திருப்பது ஒன்று, மிரட்டியோ ஏமாற்றியோ பணம் காட்டியோ அதைச் செய்வது இரண்டு, சுரண்டுவதற்காகச் செய்வது மூன்று. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு இதற்கு 7 முதல் 10 வருடம் வரை சிறை வைக்கிறது. ஒருவருக்கு மேல் என்றாலும், குழந்தை என்றாலும் குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் ஆயுள். "அவங்களாத்தானே விரும்பி வந்தாங்க" என்ற பேச்சு செல்லாது. சம்மதம் கணக்கில்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

எங்கே, எப்படி இருக்கும்

விசைத்தறியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இது நம் கண்முன்னே இருந்தும் யாரும் பார்க்காதது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டும் குடும்பங்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பது பல வருஷப் பழக்கம். அட்வான்ஸ் வாங்கிய எல்லாரும் கொத்தடிமை இல்லை. கணக்கு எப்படி வளர்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். உதாரணமாக, கணவன் மனைவி சேர்ந்து 60,000 ரூபாய் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை கூலியில் வாரம் 500 பிடித்தால் வருஷத்துக்கு 26,000 அடைந்திருக்கும். அதே வருஷத்தில் காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று 12,000, தங்கை கல்யாணத்துக்கு 15,000, தீபாவளிச் செலவுக்கு 7,000 வாங்கினால் பாக்கி 68,000. வருஷம் முழுக்க இரண்டு பேர் உழைத்து, தொடங்கிய இடத்துக்கு 8,000 ரூபாய் பின்னால் நிற்கிறார்கள். கூலி சரியாக இருந்திருந்தால் இந்தக் கை மாற்றுக்கே தேவை வந்திருக்காது. பாக்கி குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் சிலருக்கு ஆளைப் பிடித்து வைக்கும் வழி.

இன்னொன்றைக் கவனியுங்கள். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால், புது முதலாளி பழைய முதலாளியிடம் பாக்கியை அடைத்துவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவார். பேச்சு முழுக்க இரண்டு முதலாளிகளுக்குள். குடும்பம் ஓரமாக நின்றுகொண்டிருக்கும். ஊரில் இதற்குப் பேர் "கணக்கு மாத்தறது". ஆளை விலைக்கு மாற்றுவதற்கு வேறென்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. இந்தக் கடன் நெருக்கடியில்தான் புரோக்கர்கள் சிறுநீரகத்துக்கு விலை பேசுகிறார்கள். பள்ளிபாளையம் பகுதியில் 2025இல் இது மறுபடி வெளியே வந்து, அரசு விசாரணை வரை போனது.

நூல் மில் விடுதிகளில் உருவம் வேறு. சுமங்கலித் திட்டம், திருமாங்கல்யத் திட்டம் என்று துண்டுப் பிரசுரம் அடித்த காலம் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. மூன்று வருஷ ஒப்பந்தம், முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதுவரை சொற்பச் சம்பளம், இதுதான் அதன் கட்டுமானம். இப்போது பெயர் இல்லாமல் அதே கட்டுமானம் "கேம்ப் கூலி", அதாவது விடுதியில் தங்கி வேலை செய்வது, என்ற பேச்சுக்குள் நடக்கலாம். கேட்க வேண்டியது: சம்பளச் சீட்டு கையில் கிடைக்கிறதா, பி.எஃப். எண் தெரியுமா, போன் யாரிடம் இருக்கிறது, மாதத்தில் எத்தனை தடவை வெளியே விடுகிறார்கள், வார்டன் கூடவே வருகிறாரா, இரண்டாவது ஷிப்ட்டுக்கு எழுப்பினால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா. ஒரு மாதம் முன்னால் கிளம்பினால் முழுத்தொகையும் போய்விடும் என்று சொல்லியிருந்தால் அந்தத் தொகைதான் பூட்டு.

செங்கல் சூளை, தென்னை நார் ஆலை, கோழிப் பண்ணை, வெல்லம் காய்ச்சும் ஆலை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி இவையெல்லாம் ஆட்கள் குடும்பத்தோடோ கூட்டமாகவோ தங்கி வேலை செய்கிற இடங்கள். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். மழை பெய்து அறுத்த கல் கரைந்தால் நட்டம் தொழிலாளி தலையில். கோழிப் பண்ணையில் ஒரே ஒரு குடும்பம், ஊருக்கு வெளியே, பக்கத்தில் வீடில்லை. அதனால் பார்ப்பது கஷ்டம். தீவனம் ஏற்றி வரும் வண்டிக்காரரும் கால்நடை மருத்துவரும்தான் அங்கே போய்வருகிறவர்கள். அவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொங்கிலிருந்து வெளியே போகிறவர்களையும் மறக்க வேண்டாம். மலைக் கிராமங்களில் மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்து, கரும்பு வெட்டவும் குவாரிக்கும் எல்லை தாண்டிக் கூட்டிப் போகிறார். பொங்கலுக்கு யார் யார் திரும்பி வரவில்லை என்று விசாரித்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

பேச்சுக் கொடுப்பது

"உங்களை அடிமையா வெச்சிருக்காங்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். யாருக்கும் மானம் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் கேட்காதீர்கள். சந்தை, ரேஷன் கடை, அரசு மருத்துவமனை, அங்கன்வாடி வாசல் இவை நல்ல இடங்கள்.

எங்கள் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட நிறையச் சொல்லும் கேள்வி, நோம்பியை, அதாவது பண்டிகையைப் பற்றியது: "நோம்பிக்கு ஊருக்குப் போனீங்களா? யாரெல்லாம் போனீங்க?"

"நானும் சின்னவனும் போனமுங்க. அவரும் பெரிய பிள்ளையும் இங்கயே இருந்துட்டாங்க."

"ஏன்ங்க, எல்லாரும் சேர்ந்து போலாமில்ல?"

இந்த இடத்தில் வருகிற மௌனத்தையோ, "உட மாட்டாங்க" என்ற பதிலையோ குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் எப்போதும் பிணையாக அங்கேயே நிற்கிறார் என்று அதற்கு அர்த்தம். போய்வரும் உரிமை பறிபோனதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

அடுத்து, எழவுக்குப் போக விட்டார்களா? பாக்கி எவ்வளவு என்று யார் எழுதுகிறார்கள், கணக்கு எழுதும் சிட்டை உங்கள் கையில் இருக்கிறதா? ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, ஏ.டி.எம். கார்டு யாரிடம்? வேலையை விட்டுப் போன ஒருவரை என்ன செய்தார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் தங்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்பதால் தாராளமாகப் பதில் வரும்.

வடமாநிலத் தொழிலாளர்கள் என்றால் ஒடியாவோ இந்தியோ வங்காளமோ தெரிந்த வெளி ஆளை ஏற்பாடு செய்யுங்கள். கூட வந்த மேஸ்திரியோ ஏஜென்ட்டோ மொழிபெயர்த்தால் அந்தப் பேச்சு வீண். அதைவிட மோசம், நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்பது அன்றே முதலாளி காதுக்குப் போயிருக்கும்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் போதும். ஒவ்வொருவர் பெயர், வயது, அப்பா பெயர், சொந்த ஊர் தாலுக்காவோடு. எந்த மாதம் வந்தார்கள், யார் கூட்டிவந்தார். எவ்வளவு முன்பணம், யார் கையில் கொடுத்தார். தினமும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது. வாரம் கைக்கு என்ன வருகிறது. எப்போது கிளம்பக் கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது, அதைச் சொன்னது யார். தேதி நினைவில்லை என்றால் "ஆடி பதினெட்டுக்கு முன்னாடி" என்று அவர்கள் சொன்னதையே எழுதுங்கள். நீங்களாகத் தேதி போட்டால் குறுக்கு விசாரணையில் அது உடையும்.

கைக்கு வரும் கூலியோடு அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை ஒப்பிட்டு ஒரு வரி சேருங்கள். அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மாறும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்த வருஷத்து அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள். போன வருஷத்துத் தொகையைப் போட்டால் முதலாளியின் வக்கீல் அதில்தான் முதலில் கை வைப்பார்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் என்று சந்தேகப்பட்டால் எலும்புப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவுப்படி முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாத பட்சத்தில்தான் மருத்துவப் பரிசோதனை. மில்லில் சேர்க்கும்போது கொடுத்த வயதுச் சான்று எப்படி வாங்கியதோ, அதை நம்ப முடியாது. ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு போன் போட்டால் பதிவேட்டில் இருக்கும் பிறந்த தேதி கிடைத்துவிடும்.

மனு

மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். நகல் வருவாய்க் கோட்டாட்சியருக்கு அல்லது சார் ஆட்சியருக்கு, இன்னொன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, இன்னொன்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுக்காதீர்கள். அங்கே மனு பத்துக் கை மாறும், வாசலில் நிற்பவர்களில் யார் யாருக்கு வேண்டியவர் என்று தெரியாது. நேரம் வாங்கி நேரில் கொடுத்து, அதே இடத்தில் ஒப்புகை வாங்குங்கள். பக்கத்துக் காவல் நிலையத்துக்கு முதலில் போவதும் பல சமயம் இதே விதமாகக் கெடும். சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான்.

உடனடி ஆபத்து என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், 112. குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181. ரயிலில் ஒரு ஏஜென்ட்டோடு கும்பலாகச் சிறுவர்கள் இறங்குவதைப் பார்த்தால் 139க்குச் சொல்லுங்கள். ஈரோடு, திருப்பூர், கோவை நிலையங்களில் தன்பாத் எக்ஸ்பிரஸ் போன்ற நெடுந்தூர வண்டிகள் வரும் நேரம் கவனிக்க வேண்டியது. பாலியல் தொழிலுக்குக் கடத்தல் என்று சந்தேகம் வந்தால் தகவலை மாவட்ட மனிதக் கடத்தல் தடுப்புப் பிரிவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். வாடிக்கையாளர் வேஷம் போடுவதெல்லாம் சினிமாவுக்கு.

கடனைக் கட்டிவிட்டுக் கூட்டி வந்துவிடலாம் என்று நல்ல மனசோடு சிலர் பணம் திரட்டுவார்கள். செய்யாதீர்கள். கொத்தடிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி அந்தக் கடன் ஏற்கெனவே செத்துப்போனது. 9ஆவது பிரிவுப்படி அதற்காகப் பணம் வாங்குவதே மூன்று வருடம் வரை சிறை பெறக்கூடிய குற்றம். நீங்கள் கட்டினால் கடன் நியாயமானது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அந்தக் குடும்பத்துக்கு மறுவாழ்வுத் தொகையும் கிடைக்காமல் போகலாம்.

விசாரணை நாள்

கோட்டாட்சியர் வருகிறார், முதலாளி நாற்காலி போடுகிறார், இளநீர் வருகிறது. தொழிலாளர்களை அதே திண்ணையில் நிற்க வைத்து "எதாவது பிரச்சினையா?" என்று கேட்கிறார்கள். "ஒண்ணும் இல்லீங்க." விசாரணை முடிந்தது. இப்படித்தான் முக்கால்வாசி வழக்கு அழியும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாரையும் வண்டியில் ஏற்றி கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், முதலாளி தரப்பு இல்லாமல், தனித்தனியாக வாக்குமூலம். பெண்களிடம் பெண் அலுவலர். மனுவிலேயே இதை எழுதியிருந்தால் அன்று வாதாட வேண்டியிராது.

துணிமணி, பாத்திரம், பள்ளிப் புத்தகம், ஆடு கோழி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் அன்றே எடுத்துவிட வேண்டும். "அப்புறம் வந்து எடுத்துக்கலாம்" என்று விட்டால் அது திரும்பாது. அதைக் காட்டியே ஆளைத் திரும்பக் கூப்பிடுவார்கள். சிட்டை நோட்டு, முதலாளியின் கணக்கு நோட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய வெற்றுப் பத்திரம் இவற்றைக் கைப்பற்றும்படி அதிகாரியிடம் சொல்லுங்கள். குழந்தைகளை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். யார் முகத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

சாயங்காலம் ஆனதும் பெரிய மனுசர் ஒருவர் சமாதானம் பேச வருவார். "பத்தாயிரம் கொடுத்து அனுப்பி வெச்சுடறமுங்க, எதுக்கு வழக்கு." களைத்துப்போன குடும்பம் தலையாட்டும். அவர்கள் அன்று சாப்பிட்டார்களா என்று பாருங்கள். சாப்பாடும் படுக்க இடமும் உறுதியாக இருந்தால் இந்தச் சமாதானம் பாதி செல்லாது.

சான்றிதழ்

இதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் ஒரு குடும்பத்தை ஊருக்கு அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் வேலையை விட்டுப் போனவர்கள், அவ்வளவுதான். ரயில் டிக்கெட் கையில் இருக்கிறது, "சான்றிதழைத் தபாலில் அனுப்புகிறோம்" என்பார்கள். வண்டியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.

வாங்கும்போது சரிபார்க்க வேண்டியவை: வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று இருக்கிறதா? குடும்பத் தலைவர் பெயருக்கு மட்டும் ஒன்று போட்டு மனைவியை விட்டுவிடுவது வாடிக்கை. அவரும் அதே தறியில்தான் நின்றார். பெயர் ஆதாரில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போகிறதா? ஓர் எழுத்துப் பிசகினால் வங்கியில் பணம் நிற்கும். கடன் ரத்தானது என்ற வரி இருக்கிறதா? அலுவலக முத்திரை, தேதி, எண்?

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. முழுத்தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமையான நிலைகளில் 3 லட்சம். உடனடி உதவி மீட்ட மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டியது. அதற்கு வழக்கு முடியக் காத்திருக்கத் தேவையில்லை. முழுத்தொகைதான் வழக்கின் போக்கோடு பிணைந்தது. ஆகவே முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டால் பின்னால் தொகையும் சிக்கும்.

வழக்கு

கொத்தடிமைச் சட்டத்தின் 16, 17, 18ஆம் பிரிவுகளில் தண்டனை மூன்று வருடம் வரை, அபராதம் 2,000 ரூபாய். இதை மட்டும் போட்டால் முதலாளி அன்றே ஜாமீனில் வந்துவிடுவார். அதனால் உண்மை இடம் கொடுக்கும் வரை மற்றவற்றையும் கேளுங்கள்: கடத்தலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 143, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குழந்தை என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 79. ஒரு நுணுக்கம்: 2024 ஜூலை 1க்கு முன்னால் நடந்த கடத்தலுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370தான் பொருந்தும். தேதியைப் பார்த்துப் பிரிவு போடச் சொல்லுங்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று காவல் நிலையம் தட்டிக் கழித்தால், எந்த நிலையத்திலும் பதிவு செய்து மாற்றி அனுப்பலாம் என்பது சட்டம்.

வெளிநாட்டு வேலை

கொங்குப் பையன்களுக்கு இப்போது வரும் வலை இன்னொன்று: டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று சொல்லி மியான்மர், கம்போடியா, லாவோஸ் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஆன்லைன் மோசடி செய்ய வைப்பது. 2022இல் மியான்மரிலிருந்து தமிழர்கள் மீட்கப்பட்டது இந்தக் கதைதான். போகும் முன் ஏஜென்ட் பெயரை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் தேடச் சொல்லுங்கள். பதிவான ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூட்டிப் போகிறேன் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மீட்ட பிறகு

முதல் ஆறு மாதம்தான் ஆபத்து. கையிருப்பு தீர்ந்ததும் அதே மேஸ்திரி அதே வாசலில் நிற்பார். அதற்குள் முடிக்க வேண்டியது: மனைவி பெயரில் தனி வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை மாற்றம், ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை, பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற வகுப்பில் இடம். மில்லில் வேலை செய்தவர் என்றால் பி.எஃப். தொகை எடுப்பது. பி.எஃப். எண் சம்பளச் சீட்டில் இல்லாவிட்டாலும் ஆதாரோடு இணைந்த போன் எண்ணை வைத்துத் தேடலாம். ஆனால் பல பெண்களுக்கு அங்கே பதிவாகியிருப்பது வார்டனின் போன் எண். முதலில் அதை மாற்றுங்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வர வருஷங்கள் ஆகலாம். சம்மன் வரும்போது குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காக ஊர்ப்பக்கத்து உறவினர் இரண்டு பேர் போன் எண்ணையாவது வாங்கி வையுங்கள், நோம்பி நொடிக்கு ஒரு தடவை பேசுங்கள். கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று கொத்தடிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. அதில் சமூகப் பணியாளர் இருவருக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவருக்கும் இடம் உண்டு. உங்கள் கோட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர்கள் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். காலி இடம் இருந்தால் பெயர் கொடுங்கள்.